வைரஸ் கேறிட்டா, உப்பு கேறிட்டா?

குமரி மாவட்டத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் முதலில் காதில் விழுவது, "வைரஸ் கேறிட்டு" என்பது. அடுத்தது, "ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாவும்." இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் பிள்ளையின் புராஜெக்ட், கல்யாண போட்டோ, பத்து வருஷக் கணக்கு வழக்கு எல்லாம் காணாமல் போய்விடும். பெட்டி மட்டும் அடுத்த மழையில் மறுபடியும் படுக்கும். நோய் வேறு இடத்தில் இருந்ததுதான் காரணம்.

வைரஸே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரையும் இரண்டு பருவமழையும் உள்ள ஊரில் கம்ப்யூட்டருக்கு வரும் வியாதிகளில் பல, காற்றிலும் கறண்டிலும் வருபவை. ஆனி ஆடிச் சாரல் ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழை ஒன்று. பெட்டி காய்வதற்கு நமக்கு அதிக மாதங்கள் மிச்சமில்லை.

கடலலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு உள்ளே வந்து, தண்ணீர் ஆவியாகி, உப்பாக எங்கும் படிகின்றன. சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை உறிஞ்சிக் கரையும். ஆனால் கடலுப்பு தனி உப்பல்ல. அதில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 சதவீதம் போதும். புத்தளம் உப்பளத்தில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீர் லேசில் வற்றாததற்கு அதுவே காரணம். ஆக, மதர்போர்டின் மேல் படிந்த உப்புத்தூள் நம் ஊரில் வருஷம் முழுக்க ஏதோ ஓரளவு ஈரமாகவே இருக்கிறது. அந்த ஈரப்படலம் மின்சாரத்தைக் கடத்தும். செம்புத் தடங்களில் பச்சைக் களிம்பு ஏறும். தங்கமுலாம் பூசிய முனைகளில்கூட, முலாமில் உள்ள நுண்துளை வழியே அடியிலுள்ள உலோகம் அரிபடும். கதம்பை (தேங்காய் மட்டை) அழுகப்போட்டிருக்கும் கால்வாயோரத்து வீடுகளுக்கு இன்னொரு தொல்லை: அந்த அழுகல் வாடையில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, வெள்ளியையும் செம்பையும் கறுக்கவைக்கும். கொலுசைக் கறுக்க வைப்பது எதுவோ அதுவே போர்டிலும் வேலை செய்கிறது.

இதில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் சங்கதி ஒன்று உண்டு. மழைக்காலத்தில் கம்ப்யூட்டரைப் போடாமல் துணி மூடி வைப்பதுதான் பத்திரம் என்று நினைக்கிறோம். ஆனால் ஓடுகிற பெட்டி உள்ளே சூடாக இருக்கும், சூடான காற்றில் ஈரப்பதம் குறையும், போர்டு காய்ந்திருக்கும். இரண்டு மாதம் அணைந்தே கிடக்கும் பெட்டிதான் களிம்பு பிடிக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடவிட்டால் நல்லது. பெட்டியை மேற்குப் பார்த்த சன்னலோரம் மட்டும் வைக்க வேண்டாம்.

சரி, பெட்டி படுத்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது? நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கடைவரம்பு வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் அவர் வயலில் நின்று மண்ணைத் தோண்ட மாட்டார். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் எந்த மடை வரை வந்திருக்கிறது என்று மேலிருந்து பார்த்துக்கொண்டே வருவார். இங்கும் அப்படித்தான்: சுவர் பிளக், யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் மின்சாரம் தரும் பகுதி), போர்டு, ராம், திரை, ஹார்ட் டிஸ்க், கடைசியில் விண்டோஸ். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். நான்கை ஒன்றாக மாற்றினால் பெட்டி ஓடினாலும் எது சரியானது என்று தெரியாது.

கறண்டில் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் அதிகச் சேதம் அங்கேதான். கேபினட்டைத் தொட்டால் மெல்ல விறுவிறுக்கிறதா? எஸ்எம்பிஎஸ் உள்ளே மின்இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இல்லாத வீட்டில் அவற்றின் மின்னழுத்தம் போக இடமின்றி, கேபினட்டை 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி அளவுக்கு ஏற்றிவைக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் விறுவிறுப்போடு நிற்கிறது. ஆனால் வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி. பலமாக அடித்தால் அது வேறு கோளாறு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்து இரண்டு பின் சாக்கெட்டில் சொருகும் வழக்கத்தை இன்றே விட்டுவிடலாம். எர்த் இல்லாத வீட்டில் ஸ்பைக் கார்டும் பாதி வேலைதான் செய்யும்.

இன்னொரு புகார்: "கறண்டு போனா ஃபேன் சுத்துது, லைட் எரியுது, கம்ப்யூட்டர் மட்டும் அணைஞ்சு மறுபடி வருது." இது கம்ப்யூட்டர் கோளாறே அல்ல. கறண்டு நின்றபின் எஸ்எம்பிஎஸ் தன்னிடமுள்ள மின்சாரத்தைக் கொண்டு சுமார் 15 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாற அதற்கு மேல் எடுத்துக்கொண்டால் பெட்டி அணையும். பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை யுபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் குறைந்து, பல வீடுகளில் கோளாறு அத்தோடு தீரும்.

இடி பற்றி. சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலையில் இடிக்கும் இடி, மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. பழைய செம்புக்கம்பி டெலிஃபோன் லைன், கேபிள் டிவி லைன் வழியாகவும் வந்து மோடத்தையும் அதனோடு இணைந்த நெட்வொர்க் போர்ட்டையும் சுட்டுவிடும். கண்ணாடியிழை இணைப்பு வந்தபின் அந்த வாசல் ஏறக்குறைய மூடிவிட்டது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மோடத்தின் அடாப்டர் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்ற வேண்டும். சுவிட்சின் சில மில்லிமீட்டர் இடைவெளி இடிக்கு ஒரு பொருட்டல்ல.

புயலில் வருவது அதைவிட மோசம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தபோது மாவட்டமெங்கும் கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இப்படிக் கம்பி அறும்போது நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால், மும்முனை லைனில் சில வீடுகளுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட்டுக்கு அருகில் போய்விடும். நொடியில் வந்துபோகும் அதிர்வைத் தாங்கவே ஸ்பைக் கார்டு. நிமிடக்கணக்கில் நிற்கும் 400 வோல்ட்டை அது தாங்காது. ஆகவே நீண்ட மின்தடைக்குப் பின் கறண்டு வந்ததும் பாய்ந்து போடாமல், பல்பு ஒழுங்காக எரிகிறதா என்று பத்து நிமிடம் பார்த்தபின் பிளக்கைச் சொருகுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதற்குள் 325 வோல்ட் வரை தேங்கி நிற்கும். பல்லிக்கு அது தெரியாது; கதகதப்புக்காக உள்ளே போய்த் தானும் செத்து அதையும் கெடுக்கும். பின்பக்கம் கார்டு இல்லாத திறப்புகளைத் தகடு வைத்து மூடினால் பல்லியும் எறும்பும் வரும் வழி அடைபடும்.

கறண்டு வருகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. நம் ஊரில் இதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது ராம். பிளக்கைக் கழற்றி, கேபினட் தகட்டைத் தொட்டுவிட்டு, ராமை எடுத்து முனைகளை மென்மையான ரப்பரால் லேசாக ஒருமுறை துடைத்து, தூளை ஊதிவிட்டுத் திரும்பப் பொருத்தலாம். தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைக்கக் கூடாது, தங்கமுலாம் போய்விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் ரப்பரே வேண்டாம். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

சரியாகப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அணைகிறது என்றால் சூடு; நேரம் காலமில்லாமல் அணைந்தால் எஸ்எம்பிஎஸ் அல்லது ராம். புராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும், பிறகு அணைந்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் தோவாளைப் பக்கத்து வீடுகளுக்கு வரும் புழுதி, ஹீட் சிங்க்கின் இடுக்குகளைக் கம்பளி போல அடைத்திருக்கும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டினால் போதும்.

வன்பொருள் கோளாறு மென்பொருள் வேஷம் போட்டு வருவதற்கு எனக்குப் பிடித்த உதாரணம், போர்டில் இருக்கும் காசு போன்ற பேட்டரி. பெயர் சிஆர்2032, மூன்று வோல்ட். பெட்டி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அது. அது தீர்ந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். உடனே எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரௌசர் மறுக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கநாளும் முடிவுநாளும் உண்டு. கம்ப்யூட்டரின் தேதிப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை. வீட்டில் வைரஸ் என்பார்கள், கடையில் ஃபார்மட் என்பார்கள். சில பத்து ரூபாயில் முடிகிற வேலை.

கம்ப்யூட்டர் ஊர்கிறது என்ற புகாரில் குற்றவாளி பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றும் தட்டின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் தலை மிதக்கிறது. தட்டில் கீறல் விழத் தொடங்கினால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும், விண்டோஸ் காத்திருக்கும். 'டக், டக்' என்று சத்தம் கேட்டால் எந்தச் சோதனையும் ஓட்டாமல் அந்த நிமிடமே அணைத்துவிடுங்கள். டிஸ்க்கைப் பழுதுபார்க்கும் புரோகிராம்கள் தட்டு முழுக்க உழும். சாகக் கிடப்பதை அது சீக்கிரம் சாகடிக்கும். சத்தம் இல்லையென்றால் முக்கியமான ஃபைல்களை முதலில் நகலெடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பிறகு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி ஒன்று போட்டால் பத்து வருஷப் பெட்டியும் எழுந்து நடக்கும். தமிழக அரசு 2011 முதல் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்களில் எத்தனையோ பரணில் கிடக்கின்றன; அவற்றில் பலவற்றுக்கு வேண்டியது இது ஒன்றுதான். ஆனால் பேட்டரி உப்பியிருந்தால் தொடாதீர்கள், குத்தினால் தீப்பிடிக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் மென்பொருள் பக்கம் திரும்ப வேண்டும். அங்கும் ஃபார்மட் கடைசிப் படி. 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். செய்தது வைரஸ் அல்ல, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு ஃபைல். மருந்து என்ன? சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு ஃபைலை அழிப்பது. நம் வீட்டுப் பெட்டியிலும் புதிதாக ஏற்றிய ஏதோ ஒன்றுக்குப் பின் தகராறு என்றால், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, பழுதுநீக்கும் திரை வழியாக சேஃப் மோடுக்குப் போய் அதை நீக்கிப் பார்க்கலாம்.

ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைச் சொருகி எடுத்தபின் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால், அது நிஜமாகவே வைரஸ். ஆனால் ஃபைல்கள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. ஷார்ட்கட்டைத் திறக்காமல், மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டும்படி அமைப்பை மாற்றினால் எல்லாம் உள்ளேயே இருக்கும். ஆவணங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு பென் டிரைவை அப்புறம் துடைக்கலாம்.

தமிழருக்கென்றே ஒரு கோளாறு உண்டு. டிடிபி சென்டரில் முன்னொரு காலத்தில் அடித்த பத்திரமோ கோயில் மலரோ, திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். ஃபைல் கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழை உட்காரவைத்தவை. எழுத்துரு இல்லாவிட்டால் பழைய ஆட்கள் வெளியே தெரிவார்கள். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி உட்கார்ந்திருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். ஆகவே குப்பையில் அரைப்புள்ளிகள் கொட்டிக் கிடந்தால் அது பாமினி. இலவச மாற்றிகள் அதை யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடும். யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருக்கிறது. தமிழக அரசு அதை ஏற்றது 2010இல்.

கடைக்குக் கொண்டுபோகும்போது "என்னன்னு பாருங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு வராதீர்கள். எத்தனை நிமிடத்தில் அணைகிறது, மழையன்று மட்டுமா, திரையில் என்ன எழுத்து வந்தது என்று சொல்லுங்கள். அந்தத் திரையை ஃபோனில் படமெடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. கேட்காமல் டிஸ்க்கைத் துடைக்கக் கூடாது என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய பெட்டி உங்களிடம் இருந்து, கூடுதல் பாதுகாப்புத் திட்டத்திலும் சேராமல் இருந்தால், அதில் இனி பேங்க் வேலை செய்ய வேண்டாம். லினக்ஸ் ஏற்றிக்கொள்ளுங்கள், அதற்குக் காசு இல்லை, தமிழும் நன்றாக வரும்.