முதல் தடவை மொக்கை, நாலாவது தடவை செம: ஏன்?

புது ரஹ்மான் ஆல்பம் வந்த அன்னைக்கு ஹாஸ்டல்ல ஒரு டயலாக் கட்டாயம் கேக்கும்: "ஸ்லோ பாய்சன்டா, ரெண்டு நாள் விடு." "எனக்கு செட் ஆகல"ன்னு சொன்னவனே அடுத்த வாரம் அதே பாட்டைக் குளிக்கும்போது பாடிட்டு இருப்பான். இந்த ஸ்லோ பாய்சன் எப்படித்தான் வேலை செய்யுது? இதுக்கு ராக் வரலாற்றில் ஒரு நல்ல உதாரணம் இருக்கு: லெட் செப்லின் குழுவின் மூன்றாவது ஆல்பம்.

எதிர்பார்த்தது ஒண்ணு, வந்தது ஒண்ணு

1969-ல் வந்த அவங்க ரெண்டாவது ஆல்பத்தில் எலெக்ட்ரிக் கிட்டார்தான் ராஜா. 'ஹோல் லாட்டா லவ்' அதில் உள்ளதுதான். ரசிகர்கள் அதே மாதிரி இன்னொண்ணு வரும்னு காத்திருந்தாங்க. 1970 அக்டோபரில் மூன்றாவது வந்தது. முதல் பாட்டு 'இமிக்ரன்ட் சாங்' இடி மாதிரி இறங்குது. ரெண்டாவது பாட்டிலேயே அகூஸ்டிக் கிட்டார் வந்துடுது. இசைத்தட்டின் ரெண்டாம் பக்கம் பெரும்பாலும் நாட்டுப்புறப் பாட்டு சாயல்தான்.

காரணம், ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் அந்த வருஷம் வேல்ஸ் நாட்டு மலைப்பகுதியில் ஒரு சின்ன வீட்டில் போய்த் தங்கினாங்க. கரண்ட் இல்லை, குழாய்த் தண்ணியும் இல்லை. பல பாட்டுகளுக்கு அங்கேதான் விதை விழுந்தது. ஆல்பம் பிரிட்டன், அமெரிக்கா ரெண்டிலும் முதலிடம் பிடிச்சாலும், விமர்சகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினாங்க. அந்தக் கடுப்பும் சேர்ந்துதான் 1971-ல் வந்த அடுத்த ஆல்பத்தின் அட்டையில் தலைப்பும் இல்லை, குழுவின் பெயரும் இல்லை. இன்னைக்கு அதே மூன்றாவது ஆல்பத்தை அவங்களோட முக்கியமான படைப்புகளில் ஒண்ணா வைக்கிறாங்க. இத்தனைக்கும் அதில் ஒரு நோட்கூட மாறலை.

மூளை போடுற கணக்கு

பாட்டு கேக்கும்போது மூளை சும்மா இருக்காது. அடுத்து என்ன வரும்னு கணிச்சுக்கிட்டே இருக்கும். கணிப்பு ரொம்பத் தப்பினா எரிச்சல், நாம அதுக்கு வைக்கிற பேர் 'மொக்கை'. திரும்பக் கேக்கக் கேக்க மூளையில் அந்தப் பாட்டோட மேப் உருவாகுது. 2011-ல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிடிச்ச பாட்டு கேக்கும்போது மூளையில் டோபமைன் சுரக்கிறதைக் காட்டினாங்க. சிலிர்க்கிற இடம் வர்றதுக்குச் சில நொடி முன்னாடியே அது சுரக்க ஆரம்பிக்குதாம். 'இதோ வரப்போகுது'ங்கிற அந்தச் சுகம், பாட்டு பழகினவங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

இன்னொரு காரணம் வெறும் பழக்கம். 1968-ல் ராபர்ட் ஜயான்ஸ் என்ற உளவியலாளர், அர்த்தமே தெரியாத சொற்களையும் எழுத்துகளையும் ஆட்களுக்கு 25 தடவை வரைக்கும் காட்டினார். அதிகத் தடவை பார்த்ததைத்தான் அவங்க 'நல்லது'ன்னு சொன்னாங்க.

பூம்பாறை பஸ்ஸில்

எனக்கும் இந்த ஆல்பம் முதலில் ஏமாற்றமாத்தான் இருந்தது. கொடைக்கானல்ல இருந்து எங்க ஊர் பூம்பாறைக்குப் போற வழியில் சிக்னல் போயிடும், போனில் டவுன்லோட் ஆகி இருந்தது இது மட்டும்தான். ஆல்பம் 43 நிமிஷம். ஊர் வர்றதுக்குள்ள முழுசா முடிஞ்சிடும், ஸ்கிப் பண்ணினாலும் வேற ஆல்பம் இல்லை. நாலாவது பயணத்தில் பூண்டுப் படிக்கட்டு வயல் கண்ணில் படும்போது 'தட்ஸ் தி வே' ஓடிட்டு இருந்தது. அந்தப் பாட்டு அவசரமே படாதது. அந்த ரோட்டில் பஸ்ஸும் அப்படித்தான். அன்னைக்குத்தான் அது காதுக்குள்ள உட்கார்ந்தது. 'ஃப்ரெண்ட்ஸ்' பாட்டின் வயலின்களில் நம்ம ஊர் வாசனை அடிக்கறதும் அப்புறம்தான் தெரிஞ்சது. பேஜும் பிளான்ட்டும் 1972-ல் பம்பாய் வந்து, அதே பாட்டை அங்குள்ள கலைஞர்களோட திரும்ப ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க. 2015-ல் அது வெளியாச்சு.

எல்லாத்துக்கும் இது பலிக்குமா?

பலிக்காது. டேனியல் பெர்லைன் என்ற உளவியலாளர் போட்ட கர்வ், கவிழ்த்து வச்ச கிண்ணம் மாதிரி இருக்கும். ரொம்ப எளிமையான பாட்டு சீக்கிரம் உச்சிக்குப் போய் சீக்கிரம் சலிச்சிடும். சிக்கலான பாட்டு மெதுவா ஏறும், அங்கேயே ரொம்ப நாள் நிக்கும். சிலது ஏறவே ஏறாது. ஒரு சின்ன டெஸ்ட்: ரெண்டாவது தடவை கேக்கும்போது முதல் தடவை காதில் விழாத ஏதாவது ஒண்ணு விழுந்ததா? விழுந்தா இன்னும் ரெண்டு தடவை கொடுங்க. இல்லைன்னா தாராளமா விட்டுடலாம்.

சிக்கல் என்னன்னா, இப்போ அந்த ரெண்டாவது தடவையே நடக்கறதில்லை. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினாலே ஒரு ப்ளே கணக்கு. அதுக்குள்ள கவராத பாட்டுக்கு நம்மகிட்ட இடம் இல்லை. நம்ம கல்ச்சுரல்ஸ்லயும் இதே கதைதான். கவர் பாட்டுக்கு மொத்த ஆடிட்டோரியமும் ஆடும். அதே பேண்ட் சொந்தமா எழுதின தமிழ்ப் பாட்டை ஆரம்பிச்சா பாதிப் பேர் கேன்டீனுக்குக் கிளம்பிடுவாங்க. அந்தப் பாட்டை யாருமே நாலாவது தடவை கேட்கப் போறதில்லை. அடுத்த ஃபெஸ்ட்ல அந்த பேண்ட் மேடையேறும்போது, ரெக்கார்டிங் இருந்தா ஒண்ணு அனுப்பச் சொல்லி வாங்கி வச்சுக்கோங்க. ஊருக்குப் போற பஸ்ல கேக்கலாம்.