101-இல் தொடங்கிய கணக்கு

பழைய அமெரிக்க ரயில்வே பாக்கெட் வாட்ச் ஒன்றின் பின்மூடியைத் திருகிக் கழற்றினால், பளபளக்கும் தகடுகளில் அலையலையாகச் செதுக்கிய கோலம் தெரியும். நடுவே சிவப்புக் கற்கள். ஓரத்தில் ஆறு அல்லது ஏழு இலக்கங்களில் ஓர் எண். கோலத்தையும் கற்களையும் யாரும் ரசிக்கலாம். சேகரிப்பாளரின் கண் மட்டும் நேராக எண்ணுக்குப் போகும். இதே ரகத்தில் மொத்தம் எத்தனை செய்தார்கள் என்ற கேள்விக்கான துப்பு அங்கேதான் இருக்கிறது.

ரயில்வே வாட்ச் என்று தனியாக ஏன் ஒரு ரகம்? அந்தக் கால அமெரிக்காவில் பல தடங்களில் தண்டவாளம் ஒன்றுதான். எதிரெதிரே வரும் இரு ரயில்களில் ஒன்று, குறித்த நேரத்துக்குள் கிளைப்பாதைக்கு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சிக்னல் வேலையைக் கடிகாரமே பார்த்தது. 1891 ஏப்ரலில் ஒஹாயோ மாநிலத்துக் கிப்டன் ஊரருகே ஓர் அஞ்சல் ரயிலும் பயணிகள் ரயிலும் நேருக்கு நேர் மோதின. ஓட்டுநரின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று, பிறகு மறுபடி ஓடியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அதன்பின் கடிகாரங்களைக் கண்காணிக்கும் பொறுப்பு, கிளீவ்லாந்து நகைக்கடைக்காரர் வெப் பால் என்பவரிடம் வந்தது.

1893 வாக்கில் உருவான விதிகள் கறாரானவை. வாரத்துக்கு 30 வினாடிக்கு மேல் பிசகக் கூடாது. வாரத்தில் 6,04,800 வினாடிகள்; ஆக அனுமதித்த பிழை இருபதாயிரத்தில் ஒரு பங்குதான். வினாடிக்கு ஐந்து முறை, நாளுக்கு 4,32,000 முறை துடிக்கும் ஓர் எந்திரம், அதிரும் என்ஜினில் நிற்பவரின் சட்டைப்பைக்குள் இருந்துகொண்டு இதைச் சாதிக்க வேண்டும். உராய்வைக் குறைக்க, அச்சுமுனைகள் சுழலும் குழிகளிலும் உராயும் பிற இடங்களிலுமாகக் குறைந்தது 17 மாணிக்கக் கற்கள். படுக்கவைத்தாலும் நிறுத்திவைத்தாலும் ஓட்டம் மாறாதபடி ஐந்து நிலைகளில் சரிபார்ப்பு. திருகுக்குமிழ் தவறுதலாக இழுபட்டு முள் நகர்ந்துவிடக் கூடாது என்று இன்னொரு தந்திரமும் உண்டு: முகப்புக் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே மறைந்திருக்கும் சிறு நெம்பை இழுத்தால்தான் நேரத்தையே மாற்ற முடியும்.

வெப்பத்துக்கான ஏற்பாடு எனக்கு இதைவிடப் பிடிக்கும். சூடேறினால் மயிரிழைச் சுருள்வில் தளர்ந்து கடிகாரம் மெதுவாகும். அதற்காக, முன்னும் பின்னும் ஆடும் சமனிச் சக்கரத்தின் விளிம்பை உள்ளே எஃகும் வெளியே பித்தளையுமாக ஒட்டி, இரண்டு இடங்களில் வெட்டிவிட்டார்கள். சூட்டில் பித்தளை அதிகம் விரிய, வெட்டுண்ட முனைகள் உள்நோக்கி வளைகின்றன. சக்கரம் சுருங்கினாற்போல் ஆகி வேகம் கூடுகிறது. தளர்ச்சியும் வேகமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன.

இனி எண்ணுக்கு வருவோம். அமெரிக்கத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் மூவ்மென்ட் எனப்படும் உள் எந்திரத்தை மட்டுமே செய்து விற்றன. மேற்கூட்டைச் செய்தது வேறு கம்பெனி. வாங்குபவர் கடையில் எந்திரத்தையும் கூட்டையும் தனித்தனியே தேர்ந்தெடுக்க, கடைக்காரர் பொருத்திக் கொடுப்பார். அதனால் ஒரே கடிகாரத்தில் இரண்டு எண்கள் இருக்கும். கூட்டின் எண் நமக்கு உதவாது. எந்திரத்தின் எண்ணைத்தான் பிடிக்க வேண்டும்.

அதுவும் நேரான எண்ணிக்கை இல்லை. எல்ஜின் கம்பெனி 1867-இல் வெளியிட்ட முதல் கடிகாரத்தின் எண் 101. முதல் நூறு எண்கள் கணக்கிலேயே இல்லை! அந்தக் கம்பெனி மூடுவதற்குள் சுமார் 6 கோடி எந்திரங்கள் செய்தது. அதில் மலிவு ரகம், பெண்களுக்கான சிறு ரகம், ரயில்வே ரகம் எல்லாம் ஒரே எண் வரிசையைப் பங்குபோட்டுக்கொண்டன. ஆயிரம் எண்கள் இந்த ரகத்துக்கு, அடுத்த ஆயிரம் அந்த ரகத்துக்கு என்று முன்கூட்டியே தொகுதி தொகுதியாக ஒதுக்கிவிடுவார்கள். ஜவுளிக்கடையில் ஒவ்வொரு கவுன்டருக்கும் ஒரு பில் புத்தகம் கொடுப்பதைப் போலத்தான் இது. மூன்றாம் கவுன்டரின் 201-ஆம் பில், முதல் கவுன்டரின் 57-ஆம் பில்லுக்கு முன்பே கிழிக்கப்பட்டிருக்கலாம். எண்ணை வைத்து ஆண்டு சொல்லும் அட்டவணைகளைச் சற்று ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டியது இதனால்தான். ஒதுக்கிய ஆண்டு வேறு, செய்து முடித்த ஆண்டு வேறு.

ஒரு ரகத்தின் மொத்தத்தை அறிய, அதற்கு ஒதுக்கிய தொகுதிகளை எல்லாம் தேடிக் கூட்ட வேண்டும். பேரேடு பிழைத்திருந்தால் வேலை சுலபம். வால்தம் கம்பெனி தன் எண்களையும் ரகங்களையும் 1954-இல் புத்தகமாகவே அச்சிட்டது. ஹாமில்டன் கம்பெனியின் ஆவணங்கள் பென்சில்வேனியாவின் கொலம்பியா ஊரில், கடிகாரச் சேகரிப்பாளர் சங்கத்தின் நூலகத்தில் இருக்கின்றன. ஹாமில்டன் 1940-இல் கொண்டுவந்த 992பி ரகம் ஆய்வாளருக்குக் கிடைத்த வரம். அதற்குத் தனியாக ‘சி’ என்ற முன்னெழுத்து, தனி வரிசை. கடைசி எண்ணைப் பார்த்தால் போதும்: 5 லட்சத்தைத் தாண்டுகிறது.

பேரேடு இல்லாதபோதுதான் சுவாரசியம் தொடங்குகிறது. ஒரு ரகத்துக்கான தொகுதியில் இதுவரை நான்கு கடிகாரங்களே தென்பட்டன என்று வைத்துக்கொள்வோம். தொகுதியின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் அவற்றின் இடங்கள் 19, 40, 42, 60. அறுபதுக்குள் நாம் பார்க்காதவை 56. அவை நான்கு இடைவெளிகளில் சிதறிக் கிடக்கின்றன. சராசரியாக இடைவெளிக்கு 14. கடைசிக் கடிகாரத்துக்குப் பின்னும் அப்படியொரு இடைவெளி இருக்கும் என்று கொண்டால், 60-உடன் 14 சேர்த்து 74. அந்த ரகத்தில் ஏறக்குறைய 74 செய்திருப்பார்கள். நான்கே எண்களிலிருந்து இவ்வளவு தூரம் போக முடிவது எப்போதும் எனக்கு வியப்புதான்.

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் புள்ளியியலாளர்கள் செய்தது இதே வேலை. கைப்பற்றிய ஜெர்மன் டாங்குகளின் கியர்பாக்ஸ் போன்ற பாகங்களில் இருந்த எண்களைச் சேகரித்துக் கணக்கிட்டார்கள். 1942 ஆகஸ்டில் மாதம் 1,550 டாங்குகள் தயாராவதாக ஒற்றர்கள் சொன்னார்கள். கணக்கு 327 என்றது. போர் முடிந்தபின் கிடைத்த ஜெர்மன் ஆவணம் காட்டியது 342.

கடிகாரத்தில் ஒரு சிக்கல் கூடுதல். டாங்கு எண்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கலந்து கிடைத்தன. கடிகாரங்கள் அப்படிப் பிழைப்பதில்லை. தங்க விலை ஏறியபோதெல்லாம் கூடுகள் உருக்கப்பட்டன. அனாதையான எந்திரங்கள் உதிரிபாகங்களாகப் பிரிந்துபோயின. உயர்ந்த ரகத்தைக் குடும்பங்கள் பத்திரப்படுத்தின, மலிவானது குப்பைக்குப் போனது. போதாக்குறைக்கு, பழுதுபார்ப்பவர் ஒரு கடிகாரத்தின் தகட்டை இன்னொன்றில் மாட்டியிருப்பார். நல்லவேளையாக, பல எந்திரங்களில் முகப்புக்கு அடியிலும் தகடுகளின் உட்புறத்திலும் அதே எண் மறுபடி பொறிக்கப்பட்டிருக்கும். அவை ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கடிகாரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆகவே இந்த மதிப்பீடுகள் எதுவும் முடிந்துபோனவை அல்ல. நம் நான்கு கடிகாரங்களோடு நாளை ஏதோ ஓர் ஏலத்தில் 71-ஆம் இடத்துக் கடிகாரம் ஒன்று வந்தால், 74 என்ற விடை அன்றே 84 ஆகிவிடும்.