இனாமாக வரும் நிலக்கரி அடுப்பு: ஏற்பதா, மறுப்பதா?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் பெரியோர் வாக்கு. கொடுப்பவர் மனம் நோகலாகாது என்னும் பண்பு அதில் அடங்கியுள்ளது. ஆயினும் இனாமாக வரும் பழைய நிலக்கரி அடுப்புக்கு இவ்வாக்குப் பொருந்தாது. மாடு கிழடாயின் நஷ்டம் தீனியோடு நிற்கும். அடுப்பு பழுதாயின் நஷ்டம் உயிர் வரையிலும் செல்லக்கூடும். ஆகவே அங்கத்தினர்கள் அதனைப் பெறுமுன் சில விஷயங்களை ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும்.

உணவு விடுதிகளும் பட்டறைகளும் எரிவாயுவுக்கு மாறும்பொழுது பழைய இரும்பு அடுப்புகள் மூலையில் ஒதுக்கப்படுகின்றன. "காசு வேண்டாம், எடுத்துச் செல்லுங்கள்" என்று உடையவர் கூறுவது இயல்பு. குலசேகரன்பட்டினம், உடன்குடி வட்டாரத்தில் பதநீர் காய்ச்சும் குடும்பங்களுக்கும், நூலுக்குச் சாயம் ஏற்றும் நெசவாளர்க்கும் தீ அன்றாடத் தேவை. எனவே ஆசை எழுவதில் வியப்பில்லை. ஆனால் இனாமாகக் கிடைப்பது அடுப்பு மட்டுமே. அதில் எரியும் தீ இனாம் அன்று.

தீனியின் கணக்கு

சாயத் தொட்டிக்கு 100 லிட்டர் நீரைக் கொதிக்க வைப்பதாகக் கொள்வோம். 30 பாகையிலுள்ள நீரை 100 பாகைக்குக் கொண்டுவர 7,000 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். நடுத்தர நிலக்கரி கிலோ ஒன்றுக்குச் சுமார் 4,500 கிலோ கலோரி தரும். பழைய அடுப்பில் அதில் ஐந்தில் ஒரு பங்கே நீரைச் சேரும் எனக் கொண்டால், ஏறக்குறைய 8 கிலோ நிலக்கரி செலவாகும். உலர்ந்த விறகாயின், சாதாரண அடுப்பில், 13 கிலோ வரை வேண்டும். நல்ல எரிவாயு அடுப்பிலோ ஒரு கிலோ எரிவாயு போதும். அங்கத்தினர்கள் தத்தம் ஊர் விலையை இவ்வெடைகளோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். சாம்பலையும் மறத்தலாகாது. இந்திய நிலக்கரியில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாகவே எஞ்சும். 8 கிலோ கரிக்கு இரண்டரை கிலோ சாம்பலை அள்ளிக் கொட்டியாக வேண்டும்.

கருப்பட்டியின் கணக்கு இன்னும் பெரிது. ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8 லிட்டர் பதநீர் வேண்டும். அதில் 7 லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். இதற்கு வேண்டிய வெப்பம் 4,300 கிலோ கலோரிக்கு மேல். மேற்கண்ட அடுப்பிலே கிலோவுக்கு ஏறத்தாழ 5 கிலோ நிலக்கரி எரியும். நாளொன்றுக்குப் பத்துக் கிலோ கருப்பட்டி காய்ச்சும் குடும்பம் நாள்தோறும் அரை குவிண்டால் கரி வாங்க நேரிடும். பனைவிளையில் காய்ந்த ஓலையும் மட்டையும் கையருகே கிடக்க, விலை கொடுத்துக் கரி வாங்குவது சிக்கனமாகுமா? அந்த ஓலையையே நிலக்கரி அடுப்பில் எரிக்கலாமே என்றால், அதுவும் எளிதன்று. கரிக்கென அமைந்த தீயறை குறுகியது. ஓலைக்கும் மட்டைக்கும் நீண்ட வாயும் அகன்ற அறையும் வேண்டும்.

கரி எங்கிருந்து வரும்?

தூத்துக்குடித் துறைமுகத்தில் நிலக்கரி மலைபோல் குவிகிறது. தலா 660 மெகாவாட் திறனுள்ள இரு அலகுகளைக் கொண்ட உடன்குடி அனல் மின் திட்டத்திற்கெனக் குலசேகரன்பட்டினத்திற்கு அருகே கல்லாமொழிக் கடலிலும் நிலக்கரி இறங்குதுறை அமைக்கப்பெற்றது. இதனால் வீட்டு அடுப்புக்கும் கரி எளிதாகக் கிடைக்கும் என்று எண்ணுதல் கூடாது. அது கப்பல் கப்பலாக வந்து மின் நிலையங்களுக்கும் பெருந்தொழில்களுக்கும் செல்லும் சரக்கு. சாக்கில் சில்லறையாக விற்பதற்கென வருவதன்று.

நெய்வேலியின் அனுபவம் இங்கே நினைக்கத்தக்கது. பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பெற்றது. பின்னர் அங்கே பழுப்பு நிலக்கரியைப் பதப்படுத்திக் கட்டிகளாக்கி, 'லெக்கோ' என்னும் பெயரால் விற்றனர். தமிழகத்தில் பல வீடுகளில் அக்கரி எரிந்தது. பிற்காலத்தில் அவ்வுற்பத்தி நின்றது. அதையே நம்பியிருந்த அடுப்புகள் பரணுக்குச் சென்றன. தீனி நாளையும் கிடைக்குமா என்பதே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

நிலக்கரி போதிய காற்றின்றி எரியும்பொழுது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் சேர்ந்துகொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி உணர்வு, தூக்கம் ஆகியவை அறிகுறிகள். உறங்குபவர் எழாமலே போவதும் உண்டு. புகை அடங்கிக் கங்கு சிவந்து நிற்கும் வேளையில் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணுவர். அவ்வேளையிலும் இந்நஞ்சு வெளிவந்துகொண்டே இருக்கும்.

நெசவாளர் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கஞ்சி போட்ட பாவு உலர்வதில்லை. கதவைச் சாத்தி, தறி அறைக்குள் கரியடுப்பை வைத்து உலர்த்தலாம் என்று தோன்றும். இது ஒருபோதும் செய்யத்தகாதது. குழந்தைகள் உறங்கும் வீட்டில் இதைவிடப் பெரிய அபாயம் வேறில்லை. நூலுக்கும் இதனால் கேடுண்டு. புகைக்கரி வெள்ளை நூலில் படியும். கரியிலுள்ள கந்தகம் எரிந்து, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிப் பருத்தி இழையை நலிவிக்கும்.

எவருக்கேனும் மேற்கண்ட அறிகுறி தோன்றினால், உடனே அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108 வண்டியை அழைத்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மோர், எலுமிச்சை கொடுத்துக் காலங்கடத்தலாகாது.

நாட்பட்ட கேடும் உண்டு. சீனாவின் யுன்னான் மாநிலத்துச் சுவான்வெய் பகுதியில் புகைபோக்கியின்றி வீட்டுக்குள் நிலக்கரி எரித்து வந்த மக்களிடையே நுரையீரல் புற்றுநோய் மிகுதியாகக் காணப்பட்டது. அங்கே 21,000க்கு மேற்பட்ட விவசாயிகளைப் பற்றி 2002இல் வெளியான ஆய்வு, புகைபோக்கி உள்ள அடுப்புக்கு மாறியவர்களிடம் அந்நோய் கணிசமாகக் குறைந்ததைக் காட்டிற்று. பதப்படுத்தாத நிலக்கரியை வீட்டு எரிபொருளாகப் பயன்படுத்தவே வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் 2014இல் அறிவுறுத்தியது.

நேரில் பார்க்க வேண்டியவை

தனிக் கொட்டகையில் சாயத் தொட்டிக்கென வாங்க நினைப்போர், அடுப்பைப் பகலில் சென்று பார்த்துப் பின்வருவனவற்றை ஆராய்க.

முதலாவது, விரிசல். இருண்ட இடத்தில் அடுப்பினுள் விளக்கு ஒன்றை வைத்துக் கதவுகளை மூடினால், வெடிப்பும் துளையும் வெளிச்சத்தால் வெளிப்படும். கடலோர உப்புக் காற்றில் கிடந்த தகரம் தொட்ட மாத்திரத்தில் உதிரவும் கூடும்.

இரண்டாவது, கரி தாங்கும் கம்பிகளும் உள்ளே பதித்த தீச்செங்கல்லும். கம்பிகள் வளைந்தோ தேய்ந்தோ இருப்பின் வேறு வார்க்க வேண்டும். அச்செலவை முன்னரே கேட்டறிக.

மூன்றாவது, கதவோரக் கயிறும் பலகையும். பழைய அடுப்புகளில் வெண்சாம்பல் நிறக் கயிறு கல்நாராக, அதாவது ஆஸ்பெஸ்டாஸாக, இருக்கலாம். அதன் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு. அதைச் சுரண்டுவதோ தட்டித் துடைப்பதோ கூடாது. ஐயம் எழுந்தால் அடுப்பை ஏற்காதிருப்பதே நலம்.

நான்காவது, புகைக்குழாய். அது கூரை முகட்டுக்கு மேல் உயர்ந்து நிற்க வேண்டும். ஆண்டுதோறும் கரி நீக்க வசதி வேண்டும். ஓலைக் கூரையினூடே சூடான குழாயைச் செலுத்துவது கூரைக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

நாம் கூறும் முடிவு

வீட்டுச் சமையலுக்கும் தறி அறைக்கும் இவ்வடுப்பு வேண்டாம். கருப்பட்டி காய்ச்சுவோர்க்குக் கணக்கு கட்டாது. நீண்ட வாயுடைய மண் அடுப்பைப் புகைபோக்கியோடு செப்பமாகக் கட்டிக்கொள்வதே மேல். காற்றோட்டமுள்ள தனிக் கொட்டகையும், பழுதற்ற குழாயும், ஆண்டு முழுவதும் தவறாது கிடைக்கும் கரியும் உள்ளவர், வண்டிச் சத்தம், பழுது பார்க்கும் கூலி, கரி விலை மூன்றையும் கூட்டிப் பார்த்து, எரிவாயுவைவிடக் குறைந்தால் மட்டுமே யோசிக்கலாம்.

இவற்றில் ஒன்று குறையினும் மறுத்துவிடுக. "தங்கள் அன்புக்கு நன்றி, எங்கள் இடத்துக்கு இது ஒவ்வாது" என்று பணிவாகக் கூறினால் எவரும் வருந்தமாட்டார். தனியே முடிவு செய்யத் தயங்குவோர், அடுப்பு வேலை அறிந்த கொல்லர் ஒருவரையும் சக அங்கத்தினர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்று பார்க்கட்டும். வண்டி பேசி முன்பணம் கொடுத்த பின்னர் மறுக்க மனம் வராது. ஆதலால் இவ்வாராய்ச்சி யாவும் அதற்கு முன்னரே நடைபெறுதல் வேண்டும்.