லினக்ஸ் கணினிகளிடையே பெருங்கோப்புப் பரிமாற்றம்

லினக்ஸ் கணினிகளிடையே பெருங்கோப்புப் பரிமாற்றம் என்பது, பல கிகாபைட் அளவுள்ள கோப்பு ஒன்றை வலையமைப்பு வழியாக ஒரு லினக்ஸ் கணினியிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுத்தல் ஆகும். தரவுத்தளக் காப்புநகல், வட்டுப் படிமம், நிகழ்படம் போன்றவை இவ்வாறு அனுப்பப்படுகின்றன. எஸ்சிபி, எஸ்எஃப்டிபி, ஆர்சிங்க் ஆகியன இதற்குப் பரவலாகப் பயன்படும் கருவிகள். சிறிய கோப்புகளில் தெரியாத குறைகள் பெரிய கோப்புகளில் வெளிப்படுவதுண்டு. பரிமாற்றம் எங்கே, எவ்வாறு நிற்கிறது என்பதே காரணத்தை அறிவதற்கான முதல் தடயம் ஆகும்.

ஒரே அளவில் நிற்றல்

ஒவ்வொரு முறையும் ஒரே அளவை எட்டியதும் நகலெடுப்பு நின்றால், முதலில் பெறும் கணினியின் சேமிப்பகத்தை ஆராய வேண்டும். ஃபேட்32 கோப்பு முறைமை, கோப்பின் அளவை 32 பிட் எண்ணாகப் பதிகிறது. எனவே அதில் எந்தக் கோப்பும் 4,294,967,295 பைட்டுகளை, அதாவது ஏறத்தாழ 4 கிகாபைட்டை, மீற இயலாது. வட்டில் எவ்வளவு இடம் எஞ்சியிருந்தாலும் இவ்வரம்பு மாறாது. எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமைகளில் இத்தடை இல்லை. வட்டு நிரம்பியுள்ளதா என்பதை டிஎஃப் கட்டளை காட்டும். பயனருக்கு ஒதுக்கப்பட்ட இட அளவும் காரணமாகலாம்.

தொடக்கத்திலேயே உறைதல்

புகுபதிகை செய்ய முடிகிறது, ஆனால் கோப்பை அனுப்பத் தொடங்கியதும் இணைப்பு அசைவின்றி நிற்கிறது எனில், பொதியின் பருமனைச் சோதிக்க வேண்டும். ஈதர்நெட்டில் ஒரு பொதியின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட்டுகள். வழியில் உள்ள சுரங்க இணைப்பு இதைவிடச் சிறிய பொதிகளையே ஏற்கலாம். அதனைத் தெரிவிக்கும் ஐசிஎம்பி செய்தியைத் தீச்சுவர் தடுத்துவிட்டால், அனுப்பும் கணினி பெரிய பொதிகளையே மீண்டும் மீண்டும் அனுப்பும். சிறிய பொதிகள் மட்டும் தடையின்றிச் செல்லும். பொதியைத் துண்டாக்காமல் 1472 பைட் தரவுடன் பிங் கட்டளையை இயக்கி இதனைக் கண்டறியலாம். தலைப்புப் பகுதிகளின் 28 பைட்டுகள் சேர்ந்து 1500 ஆகும்.

வேகக் குறைவு

டிசிபி நெறிமுறையில், ஒப்புகை வருமுன் அனுப்பத்தக்க தரவின் அளவு சாளரம் எனப்படும். அதன் அடிப்படை உச்ச அளவு 65,535 பைட்டுகள். பொதி சென்று ஒப்புகை திரும்ப 200 மில்லி நொடி ஆகும் வழியில், இச்சாளரத்தைக் கொண்டு நொடிக்கு 3,27,675 பைட்டுகளே அனுப்ப இயலும். இணைப்பின் திறன் நொடிக்கு ஒரு கிகாபிட்டாக இருப்பினும் 10 கிகாபைட் கோப்பு சென்றுசேர எட்டு மணி நேரத்திற்கு மேல் ஆகும். 1992இல் வரையறுக்கப்பட்ட சாளர விரிவாக்கம் இக்குறையைத் தீர்க்கிறது. லினக்ஸில் இது இயல்பாகவே செயற்படும். எனினும் இடையிலுள்ள கருவிகள் சில இதனைக் கெடுப்பதுண்டு.

இடையில் துண்டித்தல்

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் வலையமைப்பையே ஐயுற வேண்டும். ஆன்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெராஸ் ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க் இங்குப் பயன்படும். இது இரு பக்கக் கோப்புகளையும் கட்டங்களாகப் பிரித்து ஒப்பிட்டு, வேறுபடும் பகுதியை மட்டும் அனுப்பும். ஆயினும் பரிமாற்றம் தடைப்பட்டால், அரைகுறைக் கோப்பை இயல்பாக நீக்கிவிடும். ‘பார்ஷியல்’ என்னும் தெரிவைக் கொடுத்திருந்தால் மட்டுமே அது தக்கவைக்கப்பட்டு, அடுத்த முறை பயன்படும். ஸ்கிரீன் அல்லது டிமக்ஸ் நிரலுக்குள் கட்டளையை இயக்கினால், பயனரின் முனைய இணைப்பு அறுந்தாலும் பணி தொடரும்.

முழுமையைச் சரிபார்த்தல்

பரிமாற்றம் பிழைச் செய்தியின்றி முடிவது, நகல் சரியானது என்பதற்குச் சான்றாகாது. டிசிபியின் சரிபார்ப்புத் தொகை 16 பிட் மட்டுமே. சில பிழைகள் அதற்குத் தப்பிவிடும். எஸ்எஸ்எச் வழியில் ஏற்படும் மாற்றங்களை அந்நெறிமுறை கண்டறியும்; ஆனால் பழுதான நினைவகமோ வட்டோ ஏற்படுத்தும் பிழைகள் அதன் எல்லைக்கு வெளியே உள்ளவை. எனவே எஸ்எச்ஏ256சம் கட்டளையை இரு கணினிகளிலும் இயக்கி, கிடைக்கும் மதிப்புகளை ஒப்பிட வேண்டும். அவை ஒத்திருப்பது உறுதியான பின்னரே மூலக் கோப்பை நீக்குவது பாதுகாப்பானது.