மூன்று 'ப்ளஸ் ஒன்' இல்லாமல் ரிலீஸ் இல்லை: ஓப்பன் சோர்ஸ் உலகின் ஓட்டு விதிகள் என்ன?

ஸ்ரீரங்கத்துக்கும் ஓட்டுக்கும் ஒரு டெக்னிக்கல் தொடர்பு உண்டு. அந்த ஊரில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர். அங்கே மனிதர்களின் ஓட்டை இயந்திரம் எண்ணுகிறது. இதற்கு நேர்மாறாக, மென்பொருளுக்கு மனிதர்கள் ஓட்டுப் போடும் இடமும் ஒன்று இருக்கிறது: அப்பாச்சி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன்.

1999-இல் உருவான இந்த லாப நோக்கமற்ற அமைப்பின் கீழ்தான் டாம்கேட், காஃப்கா, ஸ்பார்க் போன்றவை வருகின்றன. நீங்கள் திருச்சி நவல்பட்டு ஐடி பூங்காவில் வேலை பார்ப்பவர் என்றால், இவற்றில் ஒன்றையாவது தொட்டிருக்க வாய்ப்பு அதிகம். இவற்றின் புதிய பதிப்பு ஒவ்வொன்றும் ஓட்டெடுப்பில் ஜெயித்துத்தான் வெளியே வரும்.

எத்தனை ஓட்டு வேண்டும்?

ஆதரவுக்கு '+1', எதிர்ப்புக்கு '-1'. குறைந்தது மூன்று '+1' விழ வேண்டும். எதிர்ப்பைவிட ஆதரவு அதிகமாக இருக்க வேண்டும். ஓட்டு யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் அந்தந்த திட்டத்தின் மேலாண்மைக் குழு உறுப்பினர்களின் ஓட்டு மட்டுமே கணக்கில் சேரும். பொதுவாக 72 மணி நேரம் அவகாசம். உறுப்பினர்கள் பல நாடுகளில் இருப்பார்கள். நமக்குப் பகல், அவர்களுக்கு ராத்திரி. எல்லோருக்கும் நேரம் கிடைக்கணும் இல்லையா?

ஒருத்தர் 'வேண்டாம்' சொன்னா நின்னுடுமா?

நிற்காது. கோடில் செய்யும் ஒரு மாற்றத்தை, தொழில்நுட்பக் காரணம் காட்டி ஒரே உறுப்பினர் தடுக்க முடியும். ரிலீஸுக்கு அந்த வீட்டோ கிடையாது. ஒருவருடைய பிடிவாதத்தால் மொத்த வேலையும் முடங்கிவிடக் கூடாது என்பதற்கு இது உதவுகிறது. ஆனால் அந்த '-1' உண்மையான கோளாறைக் காட்டினால், ரிலீஸ் மேனேஜர் ஓட்டெடுப்பையே ரத்து செய்துவிட்டு, சரிசெய்த தொகுப்போடு மறுபடி வரலாம்.

இது லைக் பட்டன் இல்லை

முக்கியமான விதி இதுதான்: '+1' போடும் முன் உறுப்பினர் அந்த மூலநிரல் தொகுப்பைத் தன் கணினியில் இறக்கி, டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து, கம்பைல் செய்து, சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? 2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். 'எக்ஸ்இசட்' என்ற லினக்ஸ் கருவி அப்பாச்சி திட்டம் அல்ல. பல ஆண்டுகளாக உதவி செய்து நம்பிக்கை பெற்ற ஒருவர், ரிலீஸ் அதிகாரம் கைக்கு வந்ததும் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். அதை இயக்கும் துண்டு எல்லோரும் பார்க்கும் கோட் களஞ்சியத்தில் இல்லை; ரிலீஸ் தொகுப்பில் மட்டும் இருந்தது. லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் துருவியதால்தான் விஷயம் வெளிவந்தது. தொகுப்பையும் களஞ்சியத்தையும் மூன்று பேர் தனித்தனியாக ஒப்பிட்டிருந்தால், வித்தியாசம் முன்பே கண்ணில் பட்டிருக்கலாம்.

அப்போ ஓட்டு இருந்தா பயமில்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. 2021 டிசம்பரில் அப்பாச்சியின் லாக்4ஜே-யில் பெரிய ஓட்டை தெரிந்தது. அவசரமாக வந்த 2.15.0 முழுத் தீர்வாக அமையவில்லை. அதே மாதத்தில் 2.16.0, 2.17.0, 2.17.1 என அடுத்தடுத்துத் திருத்தங்கள் வந்தன. ஓட்டு என்பது உத்தரவாதம் அல்ல. ஒரே கையில் சாவி இருக்காது என்ற ஏற்பாடு, அவ்வளவுதான்.

நாமும் ஓட்டுப் போடலாமா?

தாராளமாக. கணக்கில் சேராது என்றாலும், 'இந்த ஜாவா பதிப்பில் ஓட்டிப் பார்த்தேன், இந்த டெஸ்ட் ஃபெயில் ஆகிறது' என்று எழுதும் ஒரு வரி, வெறும் '+1'-ஐ விடப் பயனுள்ளது. அந்த வேலையைத் தொடர்ந்து செய்பவர்களைத்தான் பிறகு குழுவுக்குள் அழைக்கிறார்கள். ஆபீஸில் 'டெஸ்ட் பண்ணியாச்சா?' என்று கேட்டதும் பார்க்காமலேயே 'ஓகே' சொல்லும் பழக்கம் இருந்தால், அதை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.