ஸ்விட்சை ஆளும் அதிகாரம்

ஓர் அலுவலகத்தின் கணினிகள் யாவும் தம்முள் பேசிக்கொள்வது, சுவரோரத்து இரும்பு அலமாரியில் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் ஸ்விட்ச் என்னும் சாதனத்தின் வழியாகத்தான் என்பதை அறிந்தவர்கள்கூட, அது பிறர் செய்திகளைச் சுமப்பதோடு நில்லாமல், தனக்கென்று ஒரு முகவரி கொண்டு, நிர்வாகியின் கட்டளையைச் சதா எதிர்பார்த்திருக்கிறது என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனுள் நிர்வாகியாகப் பிரவேசித்தவர் எவரோ அவரே, எந்தக் கணினி எதனோடு பேசலாம் என்று நிர்ணயிக்கலாம்; ஒரு போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் துளையில், செல்லும் செய்திகளின் நகலை இன்னொரு போர்ட்டுக்குத் திருப்பிவிட்டு ஒட்டுக் கேட்கலாம்; நினைத்த மாத்திரத்தில் எல்லாவற்றையும் ஸ்தம்பிக்கவும் செய்யலாம்.

வெகு காலம் இந்தப் பிரவேசத்துக்கு உபயோகப்பட்டு வந்தது டெல்நெட் என்னும் முறை. 1969-இல், ஆராய்ச்சிக்கூடங்களைச் சேர்ந்த சிலர் மட்டுமே புழங்கிய வலைப்பின்னலுக்காகப் பிறந்தது அது. ஆகையால் சந்தேகம் என்னும் குணமே அதன் சுபாவத்தில் இல்லை. நிர்வாகி பாஸ்வேர்டைத் தட்டும்போது, தோளுக்குப் பின்னால் நிற்பவர் கண்டுவிடலாகாது என்று திரையில் ஓர் எழுத்தும் தோன்றாமல் காக்கும் அதே ஏற்பாடு, கம்பியிலே அவ்வெழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக எவ்வித மறைப்புமின்றி அனுப்பிவைப்பது விசித்திரமே. இடையில் வயர்ஷார்க் போன்ற இலவசக் கருவியொன்றை வைத்துப் பார்ப்பவருக்கு, பாக்கெட் என்னும் செய்தித் துண்டுக்கு ஓர் எழுத்தாக, பாஸ்வேர்டு முழுவதும் வரிசை பிசகாமல் வந்து சேரும்.

1995-ஆம் வருஷம் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்ப சர்வகலாசாலையில் நிகழ்ந்தது இதுவே. அதன் வலைப்பின்னலின் பிரதானப் பாதையோடு இணைந்த ஒரு சர்வரில், யாரோ ரகசியமாகப் பொருத்தியிருந்த ஒட்டுக்கேட்கும் நிரல் ஒன்று ஆயிரக்கணக்கான பாஸ்வேர்டுகளைச் சேகரித்து வைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த தாத்து யுலோனன், இதற்குப் பரிகாரமாக, பாஸ்வேர்டைப் பெறுவதற்கு முன்பே உரையாடல் முழுவதையும் சங்கேதமாக்கிவிடும் எஸ்.எஸ்.எச். என்னும் முறையை எழுதி, அதே ஆண்டு ஜூலையில் உலகுக்கு இலவசமாக அளித்தார். கோப்புப் பரிமாற்றத்துக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று ஒவ்வொரு சேவைக்கும் அடையாளமாக வழங்கிய போர்ட் எண்களுக்கிடையில் 22 காலியாக இருக்கக் கண்டு, அதையே கேட்டு வாங்கிக்கொண்டார்.

மருந்து கிடைத்த பிறகும் நோய் சீக்கிரம் அகலவில்லை. 2017 மார்ச்சில், அமெரிக்க உளவுத்துறையின் ஆவணங்கள் வெளியானதைத் தொடர்ந்து ஆராய்ந்த சிஸ்கோ நிறுவனம், தன் ஸ்விட்சுகளில் 300-க்கு மேற்பட்ட மாதிரிகளை டெல்நெட் வழியே, பாஸ்வேர்டே இல்லாமல், முழுமையாகக் கைப்பற்றக்கூடிய குறையொன்று இருப்பதாக அறிவித்து, டெல்நெட்டை நிறுத்தி எஸ்.எஸ்.எச்.சுக்கு மாறும்படி கூறிற்று.

மாறியதாக எண்ணிக்கொள்வதிலும் ஓர் அபாயம் உண்டு. சிஸ்கோ ஸ்விட்சுகள் பலவற்றில் தொலைவிலிருந்து நுழைய 0 முதல் 15 வரை பதினாறு தடங்கள் உள்ளன. ஸ்விட்சுக்கு இட்ட கட்டளைகள் பதிந்திருக்கும் அமைப்புக் கோப்பிலோ அவை 0–4 என்றும் 5–15 என்றும் இரு பிரிவுகளாகக் காணப்படும். முதற் பிரிவுக்கு எஸ்.எஸ்.எச். மட்டுமே என்றும், இன்ன முகவரியிலிருந்து வருபவர் மட்டுமே என்றும் கட்டளையிட்டுவிட்டு, இரண்டாம் பிரிவைப் பழையபடியே விட்டுவிட்டவரின் ஸ்விட்சில், முதல் ஐந்தும் நிரம்பிய வேளையில் வரும் ஆறாமவர் டெல்நெட்டிலேயே நுழையலாம். கோப்பில் பாஸ்வேர்டை உருமாற்றிக் காட்டும் ‘ஏழாம் வகை’ எனப்படும் சங்கேதமும் அவ்வாறே. அதைக் கணத்தில் அவிழ்க்கும் வழி எல்லோருக்கும் தெரியுமாதலால், அது பூட்டின்மேலேயே சாவியைத் தொங்கவிட்டதற்குச் சமானம்.

அன்னியரைத் தடுப்பதிலேயே கருத்தைச் செலுத்துபவர்கள், ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் நடந்ததையும் அறிந்திருப்பது நலம். அந்நகர அரசின் வலைப்பின்னலை அரும்பாடுபட்டு அமைத்த டெரி சைல்ட்ஸ் என்னும் பொறியாளர், நிர்வாகப் பாஸ்வேர்டுகளைத் தம் ஒருவரிடமே வைத்துக்கொண்டு, மேலதிகாரிகள் கேட்டபோது தர மறுத்து, 2008 ஜூலையில் கைதானார். வலைப்பின்னல் அத்தனை நாளும் ஒரு குறையுமின்றி இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை ஆளத்தான் அரசிடம் ஒருவரும் இல்லை. கடைசியில் மேயர் கேவின் நியூஸம் சிறைக்கே சென்று கேட்க, அவரிடம் மட்டும் சைல்ட்ஸ் ரகசியத்தை ஒப்படைத்தார். 2010-இல் அவருக்கு நான்காண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்த ஜூரிகளில் ஒருவரும் வலைப்பின்னல் பொறியாளரே. சைல்ட்ஸ் செய்தது குற்றமாயினும், ஒரு நகரத்தின் அதிகாரம் முழுவதும் ஒருவர் ஞாபகத்தில் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்த நிர்வாகத்தை நிரபராதி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

ரேடியஸ், டாக்காக்ஸ் பிளஸ் போன்ற முறைகளில் இயங்கும் சர்வர்கள் இந்தச் சிக்கலைத் தவிர்க்க உதவுபவை. ஒவ்வொருவரும் தத்தம் பெயரிலேயே நுழைவர். டாக்காக்ஸில் யார் எந்தக் கட்டளையை எப்போது இட்டார் என்பதும் பதிவாகும். வேலையை விட்டுப் போனவரின் பெயரை ஓரிடத்தில் நீக்கினால் போதும். அந்த சர்வரே எட்டாதபோது பயன்படுவதற்கென்று ஸ்விட்சுக்குள் ஒரே ஒரு கணக்கை வைத்து, அதன் பாஸ்வேர்டை முத்திரையிட்ட உறையில் பொறுப்புள்ள இருவர் வசம் விட்டு, உறை பிரிக்கப்பட்டால் உடனே அந்தப் பாஸ்வேர்டை மாற்றிவிடுவார்கள்.

இத்தனைக்கும் பிறகு, சிஸ்கோ ஸ்விட்சுகள் பலவற்றில், அலமாரியைத் திறந்து, நேரடி நிர்வாகத்துக்கான கன்சோல் போர்ட்டில் வெளிர் நீலக் கேபிளைச் செருகக்கூடியவர், மின்சாரத்தை நிறுத்தி, முகப்பிலுள்ள மோட் பொத்தானை அழுத்தியபடியே மறுபடி கொடுத்து, பாஸ்வேர்டைத் தாண்டிவிடலாம். அந்த வசதியை அடைத்துவிடவும் கட்டளை உண்டு. ஆனால் அடைத்த பின் பாஸ்வேர்டு மறந்துபோனால், அமைப்புக் கோப்பு முழுவதையும் அழித்துவிட்டே உள்ளே செல்ல முடியும். ஆகையால் அதன் நகலை வேறிடத்தில் பத்திரப்படுத்தாதவர் அந்தக் கட்டளையை இடுவதற்கில்லை.