'அன்லிமிடெட்' இணையம்: எல்லை எங்கே இருக்கிறது?

திருப்பூரில் வீடு வேறு, தொழில் வேறு என்று பிரிக்க முடியாத குடும்பங்கள் ஏராளம். கீழே பவர் டேபிள் யூனிட், மேலே குடியிருப்பு. அல்லது முன்னறையில் செக்கிங், பேக்கிங், பின்னறையில் பிள்ளைகளின் படிப்பு. பெரும்பாலும் இத்தனைக்கும் ஒரே இணைய இணைப்புதான். பையருக்குச் செல்லும் சாம்பிள் படங்களும், ஆன்லைன் வகுப்பும், கண்காணிப்பு கேமராவும் அதையே நம்பி இருக்கின்றன.

இப்படிப்பட்ட வீட்டில் மாதக் கடைசியில் இணையம் திடீரென மந்தமாகிவிட்டால், "அன்லிமிடெட் என்றுதானே சொன்னார்கள்?" என்ற கேள்வி எழுகிறது. அதற்கான பதில், திட்டத்தின் விதிமுறைகளில் 'ஃபேர் யூசேஜ் பாலிசி' என்ற தலைப்பில் இருக்கிறது. சுருக்கமாக எஃப்யூபி, தமிழில் சொன்னால் நியாயமான பயன்பாட்டுக் கொள்கை.

எஃப்யூபி என்றால் என்ன?

அன்லிமிடெட் திட்டத்தில் இணைப்பு நிற்காது, வேகம்தான் குறையும். எனவே ஒவ்வொரு திட்டத்திலும் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும்: ஆரம்ப வேகம், எத்தனை ஜிபி வரை அந்த வேகம் கிடைக்கும், அதன் பிறகு என்ன வேகம். விளம்பரத்தில் முதல் எண் பெரிதாக இருக்கும். நம் வேலை நிற்குமா, நடக்குமா என்பதைத் தீர்மானிப்பது மற்ற இரண்டும்.

2020 அக்டோபரில் பிஎஸ்என்எல் அறிமுகப்படுத்திய 449 ரூபாய் ஃபைபர் திட்டத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 3300 ஜிபி வரை 30 எம்பிபிஎஸ். அதற்கு மேல் 2 எம்பிபிஎஸ். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஜியோ, ஏர்டெல் ஃபைபர் திட்டங்களிலும் 'அன்லிமிடெட்' என்பது ஏறக்குறைய இதே 3300 ஜிபிதான். கம்பியில்லாமல் வரும் ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பரில் அறிமுகமானபோது அதன் அளவு 1000 ஜிபி. திட்டங்கள் அடிக்கடி மாறுவதால், உங்கள் திட்டத்தின் இன்றைய அளவை நிறுவனத்தின் செயலியில் பார்த்துக்கொள்வது நல்லது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு?

வீட்டுக்கு வரும் ஃபைபர் நமக்கு மட்டுமே உரியதல்ல. பரவலாகப் பயன்படும் ஜிபான் தொழில்நுட்பத்தில், சுமார் 2.5 ஜிபிபிஎஸ் வேகமுள்ள ஒரே இழை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் பயன்படுத்த மாட்டார்கள் என்ற கணக்கில்தான் குறைந்த விலை சாத்தியமாகிறது. ஒருவர் மட்டும் இரவு பகலாக இழுத்துக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பாதிக்கப்படுவார். தெருக் குழாயில் ஒருவர் மோட்டார் வைப்பதைப் போன்றதுதான் இது.

3300 ஜிபி போதுமா?

சாதாரணக் குடும்பத்துக்குத் தாராளம். ஒரு நாளைக்கு 110 ஜிபி வருகிறது. ஹெச்டி வீடியோ மணிக்குச் சுமார் 3 ஜிபி என்று வைத்தாலும், அது 36 மணி நேர வீடியோவுக்குச் சமம்.

கணக்கு மாறுவது கேமராவில். 2 எம்பிபிஎஸ் வேகத்தில் கிளவுடுக்கு இடைவிடாமல் பதிவை அனுப்பும் ஒரு கேமரா, நாளைக்கு 21.6 ஜிபி, மாதத்துக்குச் சுமார் 650 ஜிபி எடுக்கும். நான்கு கேமரா என்றால் 2600 ஜிபி. 1000 ஜிபி திட்டத்தில் இரண்டு கேமராவுக்கே இடமில்லை. பல திட்டங்களில் பதிவிறக்கம் மட்டுமல்ல, பதிவேற்றமும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பதிவு வீட்டிலுள்ள டிவிஆரிலேயே சேமிக்கப்பட்டால் இந்தச் செலவு இல்லை. வெளியிலிருந்து மொபைலில் பார்க்கும் நேரத்துக்கு மட்டுமே டேட்டா போகும்.

வேகம் குறைந்தால் என்ன ஆகும்?

200 எம்பி டிசைன் ஃபைல் ஒன்றை இறக்க 30 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு நிமிடம் கூட ஆகாது. 2 எம்பிபிஎஸ் என்றால் 13 நிமிடம். 512 கேபிபிஎஸ் என்றால் 52 நிமிடம். ஷிப்மென்ட் நாளில் இந்த வித்தியாசம் ஆர்டரையே பாதிக்கலாம்.

விதி என்ன சொல்கிறது?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2016 அக்டோபர் 31 அன்று ஓர் உத்தரவு பிறப்பித்தது. டேட்டா அளவு, அதுவரையிலான வேகம், அதன் பிறகான வேகம் ஆகியவற்றை நிறுவனங்கள் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். பயன்பாடு 50 சதவீதத்தையும் 90 சதவீதத்தையும் எட்டும்போது வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். எல்லை முடிந்த பிறகும் வேகத்தை 512 கேபிபிஎஸ்-க்குக் கீழே குறைக்கக் கூடாது. 2023 ஜனவரியில் மத்திய அரசு, பிராட்பேண்ட் என்று அழைக்கப்படுவதற்கான குறைந்தபட்ச வேகத்தையே 2 எம்பிபிஎஸ் ஆக உயர்த்தியது.

வீட்டு இணைப்பில் தொழில் செய்யலாமா?

இங்கே கவனம் தேவை. வீட்டுத் திட்டங்களின் விதிமுறைகளில், வணிகப் பயன்பாட்டுக்கும் மறுவிற்பனைக்கும் அனுமதி இல்லை என்ற நிபந்தனை பொதுவாக இருக்கும். ஒரு இணைப்பை எடுத்து லைன் வீடுகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு பிரித்துக் கொடுப்பது இந்த நிபந்தனையை மீறுவது. டேட்டா சீக்கிரம் தீர்வதோடு, அந்த இணைப்பில் நடக்கும் தவறான காரியங்களுக்கு முதலில் விசாரிக்கப்படுபவர் பெயர் பதிவு செய்தவராகவே இருப்பார்.

நாம் செய்ய வேண்டியவை

இணைப்பு எடுக்கும் முன் மூன்று எண்களையும், பதிவேற்றம் கணக்கில் சேருமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாரம் ஒருமுறை செயலியில் பயன்பாட்டைப் பாருங்கள். வைஃபை பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்றுங்கள். யூனிட்டுக்கு முடிந்தால் தனி பிசினஸ் இணைப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லையைத் தொடாமலேயே வேகம் குறைந்தால் அது எஃப்யூபி அல்ல, சேவைக் குறைபாடு. முதலில் நிறுவனத்தில் புகார் செய்து புகார் எண்ணை வாங்குங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவை அணுகலாம். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நூல் வாங்கும்போது கவுண்ட்டும் எடையும் கேட்காமல் யாரும் பணம் கொடுப்பதில்லை. இணையத்துக்கும் அதே கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுவோம்.